அம்பு விடுறவனும் ஓடி வர்றவனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வரிதான் கேட்டிருந்தோம், ஆன்லைன் ஃபேன்டஸி கேம்ல உங்களை ரொம்ப கடுப்பேத்துற கிளாஸ், அதாவது கதாபாத்திர வகை, எதுன்னு. வந்த கடிதம் எல்லாத்தையும் பிரிச்சு பார்த்தா ஆர்ச்சர் (வில்லாளி), ஹண்டர் (வேட்டைக்காரன்), மேஜ் (மந்திரவாதி)னு தூரத்துல நின்னு அடிக்கிறவங்க மேலதான் அத்தனை கோவமும், அந்த கிளாஸை ஆடுறவங்களோ எங்களை ஏன் எல்லாரும் திட்டுறாங்கன்னு அழாத குறையா எழுதியிருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: அண்ணா, எந்த கேம் எடுத்தாலும் நான் வாரியர்தான், வாளும் கேடயமும் இல்லாம எனக்கு கை ஓடாது. ஆனா ஒத்தைக்கு ஒத்தைன்னு வந்தா ஆர்ச்சர்கிட்ட போய் சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடுது, சேர்ந்ததும் அவன் ஒரு குதி குதிச்சு பின்னாடி போயிடறான். அம்போட டேமேஜை, அதாவது அடியோட பலத்தை, ஒரு 20 சதவீதம் குறைச்சா தீர்ந்துடுமே, ஏன் பண்ண மாட்டேங்குறாங்க?

பதில்: பண்ணிருக்காங்க தம்பி, நிறைய கேம்ல நிறைய தடவை பண்ணிருக்காங்க, பண்ண பிறகும் உங்கள மாதிரி வாரியர்களுக்கு கோவம் குறையல, ஏன்னா உங்களுக்கு வலிக்கிறது டேமேஜ் இல்ல, நேரம். கணக்கு போட்டே பார்த்துடலாம், 2004ல வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டையே எடுத்துக்கலாம், அதோட நம்பர்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஹண்டர் அடிக்கிற தூரம் 35 யார்டு. நீங்க ஓடுற வேகம் செகண்டுக்கு 7 யார்டு. உங்க வாள் எட்டுறது 5 யார்டு. அவன் நின்ன இடத்துல சிலையா நின்னாலும் நீங்க 30 யார்டு ஓடணும், அது 4.3 செகண்டு. இப்ப அவன் கன்கஸ்சிவ் ஷாட் ஒண்ணு போடுறான், 4 செகண்டுக்கு உங்க வேகம் பாதி, அந்த 4 செகண்டுல நீங்க 14 யார்டுதான் வர முடியும், மீதி 16 யார்டுக்கு இன்னொரு 2.3 செகண்டு, ஆக மொத்தம் 6.3. இவ்வளவு நேரமும் உங்க வாள் காத்துல வீசிட்டு இருக்கு, அவன் அம்பு உங்க மேல விழுந்துட்டு இருக்கு. அவனும் திரும்பி அதே 7 யார்டு வேகத்துல ஓட ஆரம்பிச்சா கணக்குக்கு முடிவே கிடையாது.

இதுல டேமேஜை 20 சதவீதம் குறைச்சா என்ன ஆகும்? 6.3 செகண்டு வாங்குற அடி 5 செகண்டு அடிக்கு சமமா ஆகும், அவ்வளவுதான், அப்பவும் நீங்க அவனை தொடாமதான் அடி வாங்குறீங்க, அந்த கையாலாகாத கோவம் அப்படியே இருக்கும். இப்ப உங்க வாரியரோட சார்ஜ் ஸ்கில்லை இதுக்குள்ள வைங்க, அது 8லேர்ந்து 25 யார்டு வரைக்கும் பாயும், அப்ப நீங்க முதல் 10 யார்டு மட்டும் ஓடினா போதும், 1.4 செகண்டு. அம்போட டேமேஜ்ல ஒரு புள்ளி கூட தொடல, 4.3 செகண்டு 1.4 ஆயிடுச்சு பாருங்க.

ஆனா அந்த கேமோட ஆரம்ப வெர்ஷன்ல ஒரு சிக்கல் இருந்துச்சு, சார்ஜை சண்டை தொடங்குறதுக்கு முன்னாடிதான் போட முடியும். 35 யார்டுல நிக்கிற ஹண்டரோட முதல் அம்பு உங்க மேல பட்ட நொடியே சண்டை தொடங்கியாச்சுன்னு கேம் முடிவு பண்ணிடும், சார்ஜ் பட்டன் மங்கி போயிடும். ஸ்டான்ஸ் (நிக்கிற நிலை) மாத்தி இன்டர்செப்ட்ங்குற இன்னொரு பாய்ச்சல் ஸ்கில் போட்டு சமாளிச்சவங்க இருந்தாங்க, ஆனா புதுசா ஆடுறவன் அந்த மங்கின பட்டனை அழுத்தி அழுத்தி செத்து போவான். பின்னாடி சண்டை நடுவுலயும் சார்ஜ் போடலாம்னு மாத்துனாங்க, வாரியர் ஆடுறவங்களுக்கு உண்மையில நியாயம் கிடைச்சது அப்பதான்.

அப்புறம் நீங்க சொன்ன அந்த 20 சதவீதம் இன்னொரு இடத்துலயும் வெட்டும், அதை மறந்துடாதீங்க. டன்ஜன்ல, அதாவது குழுவா சேர்ந்து அரக்கர்களை அடிக்கிற இடத்துல, டேங்க் (அடியை தன் மேல வாங்கிக்கிறவன்) பாஸை (பெரிய எதிரியை) புடிச்சுட்டு நிக்கிறப்ப ஹண்டரை யாரும் துரத்துறது இல்ல, அங்க அவனுக்கு தூரத்தால பெரிய லாபமும் இல்ல, அங்கயும் அவன் அடி 20 சதவீதம் குறைஞ்சா பார்ட்டில (குழுவுல) சேர்த்துக்கவே மாட்டாங்க. எலிக்கு பயந்து வீட்டை கொளுத்துன கதைதான்.

கேள்வி: நான் ஹண்டர் ஆடுறேன். கில்டுல (நாங்க சேர்ந்து ஆடுற சங்கத்துல) எல்லாரும் "பட்டனை அழுத்திட்டு தூங்குற கிளாஸ்"னு கிண்டல் பண்றாங்க. நிஜமாவே இது சுலபமான கிளாஸா அண்ணா?

பதில்: லெவல் ஏத்துறதுக்கு சுலபம், அதுல சந்தேகமே இல்ல, பெட் (கூட வர்ற வளர்ப்பு மிருகம்) போய் அடி வாங்கிக்கும் நீங்க பின்னாடி நின்னு சுட்டுட்டு இருக்கலாம். ஆனா எதிர்ல நிக்கிறது மனுஷன்னா கதையே வேற. ஆரம்ப காலத்துல ஹண்டர் 8 யார்டுக்கு உள்ள வில்லை பயன்படுத்தவே முடியாது, கைல வச்சிருக்க கத்தியோ கோடாலியோ எட்டுறது 5 யார்டு, இந்த 5க்கும் 8க்கும் நடுவுல ஒருத்தன் வந்து நின்னுட்டா ஹண்டர் கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு டெட் ஸோன்னு பேர். நல்லா ஆடத் தெரிஞ்ச மேஜ் ஹண்டரை காலோட கட்டி போட்டுட்டு அளவு எடுத்த மாதிரி அந்த மூணு யார்டுக்குள்ள நின்னு அடிப்பான், ஹண்டர் நின்னு வாங்கிக்கிட்டே இருக்கணும். 2007 நவம்பர்ல வந்த 2.3ங்குற பேட்ச்லதான் (கேம் அப்டேட்) அந்த இடைவெளியை அடைச்சாங்க, 2012ல கிட்ட வந்தா சுட முடியாதுங்குற விதியையே எடுத்துட்டாங்க. அந்த மூணு வருஷம் ஹண்டர் ஆடுனவங்கள யாரும் தூங்குறவன்னு சொல்ல முடியாது.

ஓடிக்கிட்டே சுடுறதை எடுத்துக்கோங்க. துரத்துறவனுக்கு முதுகை காட்டி ஓடணும், ஏன்னா பின்பக்கமா நடந்தா வேகம் கம்மி, மாட்டிப்பீங்க. ஆனா முதுகை காட்டிட்டு அம்பு விட முடியாது. அதனால ஓட்டத்துல குதிக்கிறீங்க, கால் தரையில இல்லாத அந்த அரை நொடியில மவுஸை ஒரு சுழட்டு, முகம் எதிரி பக்கம், அழுத்துன உடனே போற ஷாட் ஒண்ணை விடுறீங்க, மறுபடி ஒரு சுழட்டு, கால் தரையில படும்போது முகம் பழையபடி முன்னாடி, வேகம் ஒரு துளி குறையல. குதிச்ச திசையிலயே உடம்பு போகும் முகம் எங்க இருந்தாலும் பரவால்லங்குற ஒரு சின்ன விஷயத்தை வச்சு ஆடுறவங்களே கண்டுபிடிச்ச வித்தை இது. பாக்குறவனுக்கு ஹண்டர் சும்மா துள்ளிட்டு ஓடுற மாதிரி இருக்கும், விரல்ல எவ்வளவு வேலை நடக்குதுன்னு ஆடுறவனுக்குத்தான் தெரியும். ஆரம்ப வெர்ஷன்ல ரோக்டெலார்ங்குற வில்லை வாங்கணும்னா நாலு பூதங்களை யார் உதவியும் இல்லாம தனியா கொல்லணும், அதுல கிட்ட வந்தா ஆளை முடிச்சிடுற பூதமும் உண்டு, மணிக்கணக்கா ஓடி ஓடி செத்து செத்து அதை முடிச்சவங்க இருக்காங்க. ஒரு ரேஞ்ச் (தூரத்துலேர்ந்து அடிக்கிற) கிளாஸுக்கு வச்ச பரீட்சைகள்ல எனக்கு இன்னைக்கும் ரொம்ப புடிச்சது அதுதான், டேமேஜை கேக்கல, தூரத்தை காப்பாத்த தெரியுமான்னு கேட்டுச்சு.

கில்டுல திரும்ப கிண்டல் பண்ணா ஒரு நாள் அவங்க கைல ஹண்டரை குடுத்து ஒரு வாரியர்கிட்டேர்ந்து ஒரு நிமிஷம் உயிரோட இருக்க சொல்லுங்க.

கேள்வி: ரெய்டுல (பெரிய கூட்டமா பாஸை அடிக்கிற சண்டையில) எங்க டேமேஜ் மீட்டர்ல (யார் எவ்வளவு அடிச்சாங்கன்னு காட்டுற பட்டியல்ல) ரேஞ்ச் ஆளுங்க எப்பவும் கீழதான் இருக்கோம். "நீங்க ஓடிக்கிட்டே அடிக்கலாம்ல, அதுக்கு வரி"ங்குறாங்க. இது நியாயமா சார்?

பதில்: நியாயம் இருக்கு, ஆனா பாதிதான். ஒரு பாஸ் சண்டை 300 செகண்டுன்னு வைங்க. பாஸ் சுத்தி சுத்தி வெட்டும்போது, தரையில நெருப்பு விடும்போது வாள்காரங்க விலகணும், அப்படி மொத்தம் 45 செகண்டு அடிக்காம நிக்கிறாங்கன்னு வைங்க. அடிக்கிற நேரத்துல செகண்டுக்கு 1000 அடிச்சாலும் சண்டை முழுக்க பார்த்தா அவங்க சராசரி 850தான். நீங்க விடாம 300 செகண்டும் அடிச்சா உங்களுக்கு 850 போதும், ரெண்டு பேரும் சமம். வரின்னு சொல்றது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்ப அடுத்த பாஸ் வருது, அது நெருப்பும் விடல, சுத்தவும் இல்ல, மரம் மாதிரி நிக்குது. அங்க அவங்க முழு 1000 அடிக்கிறாங்க, நீங்க அதே 850. ஒரே நம்பர் ஒரு பாஸுக்கு சரி, அடுத்த பாஸுக்கு அநியாயம். அதனாலதான் கிளாஸ் நம்பரை மட்டும் பார்த்து பேலன்ஸ் பண்ணவே முடியாதுன்னு நான் சொல்லிட்டே இருக்கேன், பாஸை வடிவமைக்கிறவரும் கிளாஸை வடிவமைக்கிறவரும் ஒரே மேஜைல உக்காரணும்.

ஃபைனல் ஃபேன்டஸி 14ல இந்த வரி வெளிப்படையாவே தெரியும். பார்ட் (பாட்டு பாடுற வில்லாளி), மெஷினிஸ்ட், டான்சர் மூணுமே ஓடிக்கிட்டே அடிக்கிற கிளாஸ், மூணுக்கும் சொந்த டேமேஜ் கொஞ்சம் கம்மி. பார்டும் டான்சரும் கூட இருக்கறவங்க அடியை ஏத்தி விடுறாங்க, அதனால மனசு ஆறுது. மெஷினிஸ்டுக்கு அப்படி குடுக்கறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, வரி மட்டும் கட்டுறான், எனக்கு அவனை நினைச்சாதான் பாவமா இருக்கு. டேங்க், ஹீலர் (குணப்படுத்துறவன்), கிட்ட நின்னு அடிக்கிறவன், ரேஞ்ச், மேஜ்னு ஒவ்வொரு வகையில ஒருத்தராவது பார்ட்டில இருந்தா வகைக்கு 1 சதவீதம் பலம் எல்லாருக்கும் கூடும்னு வச்சிருக்காங்க, ரேஞ்ச் ஆளை கழட்டி விடாம இருக்க அது ஒரு சின்ன கயிறு.

அதே கேம்ல 2015 ஜூன்ல வேற வழி ஒண்ணு பார்த்தாங்க. பார்டுக்கு ஒரு பாட்டு குடுத்தாங்க, அதை போட்டா டேமேஜ் ஏறும், ஆனா ஒவ்வொரு அம்புக்கும் நின்னு காஸ்ட் பண்ணணும் (கொஞ்ச நேரம் காத்திருந்து விடணும்), தானா விழுற ஆட்டோ அட்டாக்கும் போயிடும். மேஜ் அளவுக்கு அடி வேணும்னா மேஜ் மாதிரி நில்லுன்னு யோசனை, பேப்பர்ல சரியாதான் இருக்கு. ஆனா ஓடிக்கிட்டே பாடிக்கிட்டே அம்பு விடுறதுக்காகத்தான் ஜனங்க பார்டை எடுத்ததே, புள்ளையார் புடிக்க குரங்கா போச்சு. 2017 ஜூன்ல வந்த அடுத்த விரிவாக்கத்துல அந்த காஸ்ட் டைமை எடுத்துட்டாங்க. ஒரு கிளாஸோட நம்பரை மாத்துங்க, தப்பு இல்ல, ஜனங்க எதுக்காக அதை விரும்புறாங்களோ அதை புடுங்காதீங்க.

கேள்வி: அம்பு தீர்ந்து போற மாதிரி வச்சா ஆர்ச்சர் அடங்கிடுவான்ல?

பதில்: அடங்க மாட்டான், எரிச்சலாவான். வார்கிராஃப்ட்லயே ஆரம்பத்துல அம்பு வாங்கி அம்பறாத்தூணில நிரப்பிக்கிட்டுதான் போகணும், பையில ஒரு இடம் அதுக்கே போயிடும், ரெய்டு நடுவுல தீர்ந்துட்டா நின்னு வேடிக்கை பாக்கணும். சண்டையில அவனை அது அடக்கல, கடைக்கு நடக்கிற வேலையைத்தான் கூட்டுச்சு, 2010ல எடுத்துட்டாங்க. உயிர் பிழைக்கிறதே ஆட்டமா இருக்கற கேம்ல, ஒவ்வொரு அம்பையும் எண்ணி விடுற மாதிரி இருந்தா அது அழகு. மத்த இடத்துல வேண்டாம்.

கேள்வி: ஒத்தைக்கு ஒத்தைல ஆர்ச்சர் சரியாதான் இருக்கான், நானே ஜெயிக்கிறேன். ஆனா இருபதுக்கு இருபது, கோட்டை சண்டைன்னு வந்தா அதே ஆர்ச்சர் அரக்கன் ஆயிடறான். ஏன்?

பதில்: அருமையான கேள்வி, இதை யோசிக்காம பேலன்ஸ் பண்ணி மாட்டிக்கிட்ட கேம்கள் எத்தனையோ. இருபது வாள்காரங்க சேர்ந்து ஒருத்தனை அடிக்கணும்னா அவனை சுத்தி நிக்க இடம் வேணும், நாலஞ்சு பேர் எட்டிடுவாங்க, மீதி பேர் பின்னாடி முட்டி மோதிட்டு நிப்பாங்க. இருபது ஆர்ச்சர் நின்ன இடத்துலேர்ந்தே ஒரே ஆள் மேல ஒரே நொடியில விடலாம், ஒருத்தர் பேரை குழுவுல கத்துனா போதும், அந்த ஆள் ஹீலர் கைக்கு வர்றதுக்குள்ள காலி.

ஃப்ரெடரிக் லான்செஸ்டர்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர், முதல் உலகப்போர் நேரத்துல, 1916ல இதை கணக்காவே எழுதி வச்சிருக்கார். கைகலப்புல 20 பேரும் 10 பேரும் மோதுனா ஆளுக்கு ஆள் கழியும், கடைசில 10 பேர் மிஞ்சுவாங்க. தூரத்துலேர்ந்து குறி பார்த்து சுடுற சண்டையில பலம் ஆள் எண்ணிக்கையோட வர்க்கமா ஏறும், 20ங்குறது 400, 10ங்குறது 100, கழிச்சா 300, அதோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட 17. அதாவது அதே 20 பேர் அதே 10 பேரை அழிச்சிட்டு 17 பேரோட நடந்து போறாங்க. உங்க கோட்டை சண்டையில நடக்கிறது அச்சு அசல் இதேதான். 2001ல வந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட் மாதிரி மூணு நாடு மோதுற கேம்லேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கூட்டமா சேர்ந்து சுடுறவன் பக்கம்தான் காத்து.

இதுக்கு ஆர்ச்சர் டேமேஜை குறைச்சா ஒத்தைக்கு ஒத்தைல அவன் செத்தான், ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்பு. குறி பார்த்து ஒரே ஆள் மேல குவியறதை தடுக்கிற வழிதான் வேணும், அம்பை தடுக்கிற சுவர், திருப்பி அனுப்புற மந்திரம், ஒளிய மறைவிடம். கில்டு வார்ஸ் 2ல கார்டியன் ஒரு ஒளிச்சுவர் எழுப்புவான், அதுல படுற அம்பெல்லாம் விட்டவன் மேலயே திரும்பி பாயும். பத்து பேர் சேர்ந்து விட்டா பத்து பேருக்கும் திரும்பி வரும், அப்ப கூட்டமா சுடறதுக்கு முன்னாடி சுவர் இருக்கான்னு பார்த்துட்டுதான் விடணும். இது எனக்கு ரொம்ப புடிச்ச தீர்வு.

கேள்வி: நாங்க மூணு பேர் சேர்ந்து சின்னதா ஒரு ஆன்லைன் ஃபேன்டஸி கேம் பண்றோம். டெஸ்ட் ஆடுற எல்லாரும் வில்லாளியைத்தான் எடுக்கறாங்க, கத்திக்காரன் பக்கம் ஒருத்தரும் போறது இல்ல. எதை முதல்ல தொடணும்?

பதில்: கிளாஸை தொடாதீங்க, முதல்ல மேப்பை பாருங்க. டெஸ்டுக்குன்னு எல்லாரும் பண்றது ஒரு வெறும் மைதானம், அங்க வில்லாளி ராஜாவா இல்லைன்னாதான் ஆச்சரியம். வார்கிராஃப்ட்ல 2007ல அரீனா (குழுவுக்கு குழு மோதுற மைதானம்) வந்தப்ப நக்ராண்ட் அரீனால நாலு தூண் வச்சிருந்தாங்க, அந்த நாலு தூணை சுத்தி நடந்த கண்ணாமூச்சி ஆட்டம்தான் அங்க சண்டையே, தூணுக்கு பின்னாடி போயிட்டா அம்பும் வராது மந்திரமும் வராது, வில்லாளி தானா கிட்ட வந்தாகணும். உங்க மைதானத்துல நாலு கல்லை போட்டுட்டு மறுபடி ஆட விடுங்க, பாதி பிரச்சனை அங்கயே கரையுதான்னு பாருங்க.

அடுத்து எதை அளக்கறீங்கன்னு பாருங்க. யார் எத்தனை தடவை ஜெயிச்சாங்கன்னு மட்டும் எழுதி வச்சா ஒண்ணும் புரியாது. முதல் அம்பு பட்டதுலேர்ந்து கத்திக்காரனோட முதல் வெட்டு விழற வரைக்கும் எத்தனை செகண்டு, விழுந்த பிறகு எத்தனை செகண்டு அவன் பக்கத்துலயே ஒட்டிட்டு இருக்க முடியுது, இந்த ரெண்டையும் ஒவ்வொரு சண்டைக்கும் குறிச்சு வைங்க. முதல் நம்பர் பெருசா இருந்தா கத்திக்காரனுக்கு பாய்ச்சல் ஸ்கில் வேணும். ரெண்டாவது ரொம்ப சின்னதா இருந்தா வில்லாளிக்கு தப்பிக்கிற வழி அதிகமா குடுத்திருக்கீங்க. நீண்ட தூரம், ஸ்லோ (எதிரி வேகத்தை குறைக்கிறது), தப்பிக்கிற குதி, ஒரே நேரத்துல பெரிய அடி, இந்த நாலும் ஒரே கிளாஸ்ல இருந்தா எந்த நம்பரை மாத்தினாலும் சரி வராது, மூணுக்கு மேல குடுக்காதீங்க, அந்த மூணுலயும் ஒண்ணோட கூல்டவுன் (மறுபடி பயன்படுத்த காத்திருக்கிற நேரம்) நீளமா இருக்கட்டும்.

அம்பு எப்படி பறக்குதுங்கறதும் முக்கியம். விட்ட நொடியே பட்டுடற அம்புக்கு விலக வழி கிடையாது, செகண்டுக்கு 40 மீட்டர் போற அம்பா இருந்தா 40 மீட்டர் தூரத்துல நிக்கிறவனுக்கு ஒரு முழு செகண்டு கிடைக்கும், பார்த்து விலகலாம், கிட்ட வர வர அந்த நேரம் குறையும். இப்படி வச்சா தூரத்துல நிக்கிறவன் தவறவிடறான், கிட்ட வர்றவன் ஆபத்தை ஏத்துக்கிட்டு வர்றான், நீங்க எந்த விதியும் எழுதாமலே ஒரு நியாயம் வந்துடும்.

டோட்டா 2ல ட்ரோ ரேஞ்சர்ங்குற வில்லாளியை பார்த்து கத்துக்கோங்க. அவளோட மார்க்ஸ்மன்ஷிப்ங்குற ஸ்கில்தான் அவளோட முழு பலமும், ஆனா எதிரி ஹீரோ 400 தூரத்துக்குள்ள வந்துட்டா அது அணைஞ்சிடும், வெளியில போனா திரும்ப எரியும். நான் அவளை ரொம்ப நாள் ஆடியிருக்கேன், அந்த 400 வட்டம் கண்ணுக்கு தெரியாமலே மனசுல வரைஞ்சு போயிடும், யாராவது வட்டத்து ஓரம் கால் வைக்கிறப்பவே கால் தானா பின்னாடி போகும். எதிர்ல நிக்கிறவனுக்கும் என்ன பண்ணணும்னு தெளிவா தெரியும், கிட்ட போ, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்காக சண்டை போடுது, அந்த விஷயம் தூரம். இதைவிட சுத்தமா ஒரு ரேஞ்ச் கிளாஸை யாரும் பண்ணி நான் பார்த்தது இல்ல. அதே கேம்ல ரொம்ப வருஷமா மேட்டு நிலத்துல நிக்கிறவனை கீழேர்ந்து சுட்டா 25 சதவீதம் தவறும்னு ஒரு விதி, அடிக்கிறப்ப எதிரியை திகைக்க வைக்கிற ஸ்கல் பேஷர்ங்குற பொருள் கிட்ட அடிக்கிறவனுக்கு 25 சதவீதமும் ரேஞ்ச் ஆளுக்கு 10 சதவீதமும்தான் வேலை செய்யும்னு ஒரு விதி, இப்படி சின்ன சின்னதா நிறைய இடத்துல விலையை பிரிச்சு வச்சிருக்காங்க.

பண்ணக் கூடாதது ஒண்ணும் சொல்றேன். ராக்னராக் ஆன்லைன்ல நியூமான்னு ஒரு ஸ்கில், மூணுக்கு மூணு கட்டத்துல நின்னா தூரத்துலேர்ந்து வர்ற எந்த அம்பும் படாது, முழுசா பூஜ்யம். கூட்டமா ஆடுறப்ப அது சரிதான், ஒத்தைக்கு ஒத்தைல அதுக்குள்ள ஒருத்தன் நின்னா ஆர்ச்சர் வில்லை கீழ போட்டுட்டு போக வேண்டியதுதான். அது மாதிரி முழு பூட்டு போட்டா ஆர்ச்சர் பார்ட்டிகள் அந்த ஒரு ஸ்கில் இருக்கா இல்லையான்னு பார்த்தே சண்டையை முடிவு பண்ணிடுவாங்க. வார்கிராஃப்ட்ல 2008ல டெத் நைட் வந்தப்ப 30 யார்டுலேர்ந்து ஆளையே இழுத்துட்டு வர்ற டெத் க்ரிப் குடுத்தாங்க, அது பாக்க பயங்கரமா இருந்தாலும் இழுத்த பிறகு கூல்டவுன் இருக்கு, ஆர்ச்சர் மறுபடி விலகி ஓட ஒரு வாய்ப்பு இருக்கு, அதனால அது தாங்குது. இழுக்கிற ஸ்கில்லோட கூல்டவுன் வில்லாளி தப்பிக்கிற ஸ்கில்லோட கூல்டவுனைவிட நீளமா வைங்க.

ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். மூணு பேர் மூணு விஷயத்தை ஒரே ராத்திரியில மாத்திட்டு காலையில எது வேலை செஞ்சதுன்னு தெரியாம முழிக்கிற நிலைமை எனக்கு நல்லா தெரியும், வேண்டாம்.

கேள்வி: மேஜும் ஆர்ச்சரும் தூரத்துலேர்ந்துதான் அடிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே விதி வச்சா என்ன?

பதில்: வச்சா ரெண்டுல ஒண்ணு தேவையே இல்லாம போயிடும். மேஜுக்கு காஸ்ட் பார் (மந்திரம் தயாராகுற நேரத்தை காட்டுற கோடு) ஓடுது, அது முடியறதுக்குள்ள ஒரு குத்து விட்டா மந்திரமே நின்னுடும், ஆர்ச்சருக்கு அந்த பயம் பெரும்பாலும் கிடையாது. அதனால மேஜ் விடுற ஒவ்வொரு மந்திரமும் கனமா இருக்கலாம், ஆர்ச்சரோட அம்பு சின்ன சின்னதா விடாம விழணும். மேஜ் கிட்ட வந்தவனை உறைய வச்சுட்டு 20 யார்டு பிளிங்க் அடிச்சு ஒரே தாவுல விலகிடுவான், ஆர்ச்சர் கொஞ்சம் கொஞ்சமா நழுவிட்டே இருப்பான், ரெண்டும் வேற வேற பாஷை. ரூன்ஸ்கேப் இதை ரொம்ப எளிமையா ஒரு முக்கோணமா போட்டுச்சு, அம்பு மந்திரத்தை ஜெயிக்கும், மந்திரம் வாளை ஜெயிக்கும், வாள் அம்பை ஜெயிக்கும். இரும்பு கவசம் போட்டவனை மந்திரம் சுலபமா தாக்கும், ஆர்ச்சரோட தோல் கவசம் மந்திரத்தை தாங்கும், காரணம் கண்ணுக்கு தெரியுது, சின்ன பசங்களுக்கும் புரியும். அம்புக்கு எதிரா ஒரு பிரார்த்தனையும் உண்டு, ஓல்ட் ஸ்கூல் வெர்ஷன்ல அது எதிர்ல ஆடுற மனுஷனோட அம்பை 40 சதவீதம்தான் குறைக்கும், முழுசா அடைக்காது, மேல நியூமாவுக்கு நான் சொன்ன குறை இதுல கிடையாது.

கேள்வி: என் நெட் ரொம்ப மெதுவு. ரேஞ்ச் ஆடறது நல்லதா, கிட்ட நின்னு அடிக்கிறது நல்லதா?

பதில்: ரேஞ்ச் ஆடுங்க. செகண்டுக்கு 7 யார்டு ஓடுற ஒருத்தன் 200 மில்லிசெகண்டு தாமதத்துல 1.4 யார்டு நகர்ந்திருப்பான், நீங்க பாக்குற இடத்துல அவன் இல்ல. 5 யார்டு எட்டுற வாளுக்கு அது கால் பங்குக்கு மேல, 35 யார்டு வில்லுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா சுட்ட அம்பு பறந்து போற கேமா இருந்து நீங்களே குறி வைக்கணும்னா நெட் மெதுவா இருக்கிறது உங்களையும் அதே அளவு படுத்தும்.

கேள்வி: மூணு மாசம் ராத்திரி பகலா உக்காந்து என் ஆர்ச்சருக்கு ஒரு வில்லை சேர்த்தேன். கைக்கு வந்த அடுத்த வாரமே பேட்ச், வில்லோட டேமேஜை வெட்டிட்டாங்க. திரும்ப லாக்இன் பண்ணவே மனசு வரல அண்ணா.

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன், எனக்கும் இதே மாதிரி நடந்திருக்கு, நான் ஆடிட்டு இருந்த ஒரு கேம்ல முன்னறிவிப்பே இல்லாம ஒரு ராத்திரியில என் கிளாஸோட முக்கிய ஷாட்டை பாதியா வெட்டுனாங்க, காரணம்னு ஒரு வரி கூட எழுதல, ஒரு மாசம் அந்த பக்கமே போகல. கோவம் வந்தது நம்பர் குறைஞ்சதுக்கு இல்ல, ஏன்னு சொல்லாம விட்டதுக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி சொல்லணும், எந்த சண்டையில எந்த அளவுக்கு அதிகமா போச்சுன்னு காட்டணும், கஷ்டப்பட்டு சேர்த்த பொருளா இருந்தா அதோட அடியை குறைச்சாலும் அதுக்குன்னு இருக்குற தனி குணத்தை விட்டு வைக்கணும். இதெல்லாம் பண்ணாத டெவலப்பரை கேள்வி கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. பேட்ச் குறிப்பை எடுத்து வெட்டுனது எதைன்னு சரியா பாருங்க, டேமேஜ் மட்டும்தானா இல்ல தூரமும் வேகமும் சேர்த்தா. டேமேஜ் மட்டும்னா உங்க ஆர்ச்சர் அம்பு விட்டு விலகி ஓடுற விதம் அப்படியே இருக்கு, நாலு சண்டை ஆடுனா கைக்கு தெரிஞ்சிடும், நீங்க மூணு மாசம் பழகுனது வில்லுல மட்டும் இல்லையே. தூரத்தை வெட்டியிருந்தா எனக்கு திரும்ப எழுதுங்க, எத்தனைலேர்ந்து எத்தனைக்கு குறைச்சாங்க, உங்களை துரத்துறவனோட வேகம் என்ன, உங்க ஸ்லோ எத்தனை செகண்டுன்னு மூணையும் போட்டு அனுப்புங்க, அடுத்த இதழ்ல அந்த கணக்கை முழுசா போட்டு பார்த்துடலாம்.